சைன் அலை அழகா வருது, சுமை வெச்சதும் படுத்துக்குது

சாயப்பட்டறை_மீட்டர் (திருப்பூர்)
4 ஜூன் 2023, இரவு 9:12

சாயத் தண்ணியோட கண்டக்டிவிட்டி அளக்க 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை வேணும். எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசில வீன் பிரிட்ஜ் (சைன் அலையாக்கற சர்க்யூட்) போட்டிருக்கு. சப்ளை ±12 வோல்ட். பிரிட்ஜ்ல 16 கிலோ ஓம் ரெண்டு, 10 நானோ ஃபாரட் ரெண்டு. ஃபீட்பேக் 22 கிலோ ஓம், தரைக்கு 10 கிலோ ஓம். 22 கிலோ ஓமுக்குக் குறுக்கே 1என்4148 ரெண்டு, எதிரும் புதிருமா. அவுட்புட் 0.6 வோல்ட் ஆர்எம்எஸ், 995 ஹெர்ட்ஸ்.

அளக்கற கலத்தை (தண்ணில முக்கற தகடு ஜோடி) போர்வெல் தண்ணில முக்கினா அலை ஆடாம நிக்குது. உப்புக் கரைசல்ல முக்கினதும் கீழ்ப்பாதி தட்டையாகுது, அலைவரிசையும் 940க்கு இறங்குது. எல்எம்358 டேட்டாஷீட்ல 40 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கே. ஐசி டூப்ளிகேட்டா?

மில்லிஓம் (பீளமேடு)
4 ஜூன், இரவு 10:05

ஐசி நல்ல ஐசிதாங்க. அந்த 40 மில்லி ஆம்பியர் வெளியே தள்ளறதுக்கு. உள்ளே இழுக்கறதுக்கு அதே பக்கத்துல 20தான் போட்டிருப்பாங்க, உத்தரவாதம் 10. அதனாலதான் கீழ்ப்பாதி முதல்ல படுக்குது.

கலத்தோட மாறிலி (கே) 1னு எடுத்துக்கறேன். போர்வெல் தண்ணி சென்டிமீட்டருக்கு 2 மில்லி சீமன்ஸ்னா கலத்தோட ரெசிஸ்டன்ஸ் 500 ஓம், கரண்ட் 1.2 மில்லி ஆம்பியர். லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போட்ட கரைசல் 70 மில்லி சீமன்ஸ் பக்கம் வரும், அதாவது 14 ஓம். 0.6ஐ 14ஆல வகுத்தா 43 மில்லி ஆம்பியர் ஆர்எம்எஸ். உச்சம் அதுல 1.4 மடங்கு, 60. இழுக்கற பக்கம் 20தான் முடியும்னா 14 ஓம்ல 0.28 வோல்ட்டோட சரி. டேட்டாஷீட் எண்ணை எப்பவும் உச்சத்தோட ஒப்பிடுங்க, ஆர்எம்எஸ்ஸோட வேண்டாம்.

அலைவரிசை இறங்கறதுக்குக் காரணம் வேற. அலை உண்டாக்கற கால்லயே சுமையையும் கட்டியிருக்கீங்க. அலை வெட்டுப்பட்டா டயோடு வேலை செய்யற அளவுக்கே வோல்ட்டேஜ் வராது. அப்ப வீச்சைக் கட்டுப்படுத்தறது டயோடு இல்ல, ஐசியோட இயலாமை.

ஈரோடு_638
4 ஜூன், இரவு 10:31

கூடவே ஒண்ணு. டயோடை ஃபீட்பேக் ரெசிஸ்டர் முழுசுக்கும் குறுக்கே போட்டா அது சைனே இல்லீங்க. உச்சி மழுங்கும். ஃபீட்பேக்கை ரெண்டாப் பிரிச்சு, சின்னத் துண்டுக்கு மட்டும் டயோடு போடணும். 18 கிலோ ஓம் தனியா, அதோட தொடர்ல 4.7 கிலோ ஓம், டயோடு ரெண்டும் இந்த 4.7க்கு மட்டும். தரைக்கு அதே 10 கிலோ ஓம்.

டயோடு திறக்காதப்ப கெயின் (எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது) 3.27, அலை கிளம்பிடும். முழுசாத் திறந்தா 2.8. நடுவுல 3ல நிக்கும். வீச்சு 7லிருந்து 8 வோல்ட் உச்சம். 18க்குப் பதிலா 15 கிலோ ஓமும் 5 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) வெச்சா, அலை கிளம்பற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கலாம். கிளம்பற இடத்துக்கு எவ்வளவு கிட்ட நிக்குதோ அவ்வளவு சுத்தம். நெம்பக் கிட்டப் போனா குளிர்காலத்துக் காலைல கிளம்பாது.

மில்லிஓம்
5 ஜூன், காலை 7:20

ராத்திரி சொல்ல விட்டது. கரண்டைக் கூட்டறதுக்கு முன்னாடி தேவையைக் குறைக்க முடியுமான்னு பாருங்க. உப்புக் கரைசலுக்குக் கே 1 கலம் பொருத்தமே இல்லை. கே 10 வாங்குங்க, 14 ஓம் 140 ஓம் ஆயிடும். ஓட்டறதும் 0.2 வோல்ட் போதும். 1.4 மில்லி ஆம்பியர்தான் ஆகும், எல்எம்358 போதும், தாங்கும். தகட்டுல கரண்ட் நெருக்கம் குறைஞ்சா போலரைசேஷனும் (தகட்டு முகத்துல மின்னூட்டம் சேர்றது) குறையும், அளவு நேரா வரும்.

சாயப்பட்டறை_மீட்டர்
5 ஜூன், மதியம் 1:48

கே 10 சரிங்க. ஆனா சுத்திகரிப்புப் பக்கம் ஏற்கெனவே குழாய்ல மாட்டின கே 1 கலம் நாலு இருக்கு. 2011ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாதுங்கறதால, மீட்ட உப்புக் கரைசலையே திரும்ப சாயத் தொட்டிக்கு எடுக்கறோம். அந்தக் குழாய்ல கலம் மாத்தணும்னா லைனை நிறுத்தணும். அதனால 14 ஓமை ஓட்டற மாதிரியே ஒரு போர்டு வேணும்.

கணபதி_வைண்டிங் (கோவை)
5 ஜூன், மாலை 6:30

இதே போர்டு எனக்கும் வேணும், இன்னும் பெருசா. பம்பு மோட்டார் ஸ்டேட்டர் கட்டி முடிச்சதும் வார்னிஷ்ல முக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு காயிலையும் ஒரே சைன்ல ஒப்பிட்டுப் பாக்கறது. சுத்து ஒட்டியிருந்தா இண்டக்டன்ஸ் சட்டுனு விழும். மல்டிமீட்டர்ல ஓம் பார்த்தா ஒரு சுத்து ஒட்டினது தெரியவே தெரியாது.

1 கிலோஹெர்ட்ஸ்ல 20 மில்லி ஹென்றி காயில் 125 ஓம், பிரச்சினை இல்லை. 100 ஹெர்ட்ஸ்ல வெச்சா 12.5 ஓம். 5 வோல்ட் உச்சம் கொடுத்தா 400 மில்லி ஆம்பியர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

மில்லிஓம்
5 ஜூன், இரவு 9:40

ரெண்டு பேருக்கும் ஒரே வழிதான். அலையாக்கி தனி, கரண்ட் தனி.

டிஎல்072 ஒண்ணு எடுங்க, உள்ளே ரெண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். முதல் பாதி ஈரோட்டுக்காரர் சொன்ன வீன் பிரிட்ஜ். அதோட அவுட்புட் 10 கிலோ ஓம் பாட்டுக்கு (வீச்சைக் கூட்டிக் குறைக்கற திருகு ரெசிஸ்டர்) மட்டும் போகுது, வேற எதுவும் அதுல தொடக்கூடாது. பாட்டோட நடுக்கால் ரெண்டாம் பாதியோட ப்ளஸ் இன்புட்டுக்கு. ரெண்டாம் பாதி அவுட்புட் 1என்4148 ரெண்டோட நடுவுக்கு. டயோடு சங்கிலியோட மேல்முனை பிடி139 டிரான்சிஸ்டரோட பேஸ், அங்கிருந்து +12க்கு 1 கிலோ ஓம். கீழ்முனை பிடி140 டிரான்சிஸ்டரோட பேஸ், அங்கிருந்து -12க்கு 1 கிலோ ஓம். ரெண்டு எமிட்டர்லயும் 1 ஓம், சேர்ற இடம்தான் அவுட்புட். அந்த இடத்திலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஃபீட்பேக். டிரான்சிஸ்டரோட கோணல் எல்லாம் ஃபீட்பேக் லூப்புக்குள்ள அடங்கிடும்.

ஃபீட்பேக்கை ஐசியோட கால்லிருந்து எடுத்துடாதீங்க. போர்டு போடறப்ப ட்ராக் கிட்ட இருக்குன்னு அங்கே இணைச்சா லூப் டிரான்சிஸ்டரைப் பார்க்கவே பார்க்காது.

கணபதி_வைண்டிங்
7 ஜூன், இரவு 8:15

போட்டாச்சு. சுமை இல்லாம 5 வோல்ட் உச்சம் சுத்தமா வருது. 15 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் சுமையா வெச்சா 4 வோல்ட்ல ரெண்டு தலையும் தட்டை. பிடி139 ஒன்றரை ஆம்பியர் தாங்கும்ல?

மில்லிஓம்
7 ஜூன், இரவு 9:02

என் தப்புங்க. கலத்தோட 60 மில்லி ஆம்பியரை மனசுல வெச்சு 1 கிலோ ஓம் எழுதிட்டேன்.

நடு டயோடுல ஐசி இணைஞ்சிருக்குன்னா, மேல் டிரான்சிஸ்டரோட பேஸுக்கு ஐசியால கரண்ட் தள்ள முடியாது, டயோடு அந்தத் திசைல மூடிக்கும். பேஸுக்கு வர்றது முழுக்க அந்த 1 கிலோ ஓம் வழியா மட்டும். அவுட்புட் 4 வோல்ட்ல இருக்கறப்ப ரெசிஸ்டர் மேல மிஞ்சறது 7 வோல்ட்டுக்குள்ள, அதாவது 7 மில்லி ஆம்பியர். பிடி139க்குக் கெயின் 40னு வெச்சா 280 மில்லி ஆம்பியர். 15 ஓம்ல 4 வோல்ட்டுன்னா 270. கணக்கு அப்படியே வந்து நிக்குது. டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்குது.

1 கிலோ ஓமை 470 ஆக்கிப் பாருங்க.

ஈரோடு_638
7 ஜூன், இரவு 9:50

470 போடாதீங்க! மேல்பக்கம் பசி தீரும், ஆனா அவுட்புட் 5 வோல்ட்ல இருக்கறப்ப கீழ் 470 மேல 16 வோல்ட்டுக்கு மேல விழும். 35 மில்லி ஆம்பியர். மேல் 470லிருந்து வர்றதைப் பேஸே தின்னுடும். அந்த 35ஐயும் டிஎல்072தான் தள்ளணும், அதால ஆகாது. டிரான்சிஸ்டர் தலை தட்டறதுக்குப் பதில் ஐசி தலை தட்டும். சும்மா நிக்கறப்பவே ஒவ்வொரு 470லயும் கால் வாட்டுக்கு மேல எரியும், அது வேற.

பேஸ் தேவையைக் குறைக்கறதுதான் வழி. டார்லிங்டன் (ஒரே கூட்டுக்குள்ள ரெண்டு டிரான்சிஸ்டர் அடுக்கினது) போடுங்க, டிப்122, டிப்127. அரை ஆம்பியர்ல கெயின் 1000க்குக் குறையாது. 400 மில்லி ஆம்பியருக்கு பேஸ்ல அரை மில்லி ஆம்பியர் போதும். ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓமுக்கே ஏறிடலாம்.

மில்லிஓம்
7 ஜூன், இரவு 10:10

ஒத்துக்கறேன். 470ஐ அழிச்சுடுங்க.

ஆனா டார்லிங்டன்னா நாலு டயோடு போட்டு விட்டுடக்கூடாது. சூடேற ஏற டிப்122க்கு வேண்டிய பேஸ் வோல்ட்டேஜ் இறங்கும், டயோடு போர்டுல குளிர்ச்சியா உக்காந்திருக்கும். சும்மா ஓடற கரண்ட் ஏறி, சூடு ஏறி, மறுபடி கரண்ட் ஏறி... புகைதான். பயாஸ் டிரான்சிஸ்டர் ஒண்ணை (சும்மா ஓடற கரண்டை நிர்ணயிக்கறது) ஹீட்சிங்க்லயே முடுக்கணும். கையில இருக்கற பிடி139 போதும், அதுல ஓட்டை இருக்கு, ஸ்க்ரூ போடச் சுலபம்.

கலெக்டர்-பேஸ் நடுவுல 3.3 கிலோ ஓம். பேஸ்-எமிட்டர் நடுவுல 680 ஓமும் 1 கிலோ ஓம் பிரீசெட்டும் தொடர்ல. கலெக்டர் டிப்122 பேஸுக்கு, எமிட்டர் டிப்127 பேஸுக்கு. குறுக்கே 47 மைக்ரோ ஃபாரட். ஐசி அவுட்புட் 100 ஓம் வழியா டிப்127 பேஸ் பக்கம். முதல்ல பிரீசெட்டை முழு ஓமுக்கு வெச்சு சப்ளை கொடுங்க. எமிட்டர் 1 ஓம் மேல 20 மில்லி வோல்ட் வர்ற வரைக்கும் மெதுவாக் குறைங்க. 20 மில்லி ஆம்பியர் சும்மா ஓடும், அது போதும்.

பிரீசெட்டைப் பேஸ்-எமிட்டர் பக்கம் வைக்கறதுக்குக் காரணம் உண்டு. தேய்ஞ்சு நடுக்கால் விட்டுப்போனா அந்தப் பக்கம் ஓம் ஏறும், பயாஸ் இறங்கும். அலை கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். கலெக்டர் பக்கம் வெச்சு விட்டுப்போனா ரெண்டு டிப்பும் ஒண்ணா முழுசாத் திறக்கும்.

பழைய_ரேடியோ (பல்லடம்)
8 ஜூன், காலை 6:45

இவ்வளவு எதுக்கு? டிடிஏ2030 ஆடியோ ஆம்ப் ஐசி ஒண்ணு போட்டா மூணரை ஆம்பியர் உச்சம். ஹோம் தியேட்டர் போர்டாவே கிடைக்குது.

மில்லிஓம்
8 ஜூன், காலை 8:30

போடலாங்ண்ணா. ஆனா அதை பஃபர் மாதிரி கெயின் 1ல கட்டிடக்கூடாது. அந்த ஐசிக்குக் கெயின் 24 டெசிபலுக்கு மேல இருந்தாத்தான் நிலைப்பு. கெயின் 1ல வெச்சா சுமையே இல்லாம கொதிக்கும், ஸ்கோப்ல சைன் மேல மயிர் முளைச்ச மாதிரி தெரியும். எல்எம்1875ம் அப்படித்தான், அதுக்குக் கெயின் குறைஞ்சது 10.

22 கிலோ ஓமும் 680 ஓமும் வெச்சா கெயின் 33. அவுட்புட்ல 5 வோல்ட் உச்சம் வேணும்னா இன்புட்ல 150 மில்லி வோல்ட் போதும். அலையாக்கியோட ஏழரை வோல்ட்டை 50ஆல வகுத்துக் கொடுக்கணும். அவுட்புட்லிருந்து தரைக்கு 1 ஓமும் 0.22 மைக்ரோ ஃபாரட்டும் தொடர்ல, அதைக் காசு மிச்சம்னு விட்டுடாதீங்க. சப்ளை ±18க்கு மேல போகக்கூடாது.

பழைய_ரேடியோ
8 ஜூன், காலை 8:52

அந்த மயிர் முளைச்சது இங்கயும் இருக்குது. ஸ்கோப் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருந்தேன் போங்க.

ஈரோடு_638
8 ஜூன், இரவு 9:15

ஹீட்சிங்க் பத்தி. டிப்122, டிப்127, பிடி139 மூணுக்கும் முதுகுத் தகடு கலெக்டர். ஒண்ணு +12, இன்னொண்ணு -12. மூணையும் மைக்காவும் நைலான் புஷ்ஷும் போட்டுத்தான் ஒரே ஹீட்சிங்க்ல முடுக்கணும். முடுக்கினதுக்கப்புறம் மீட்டர்ல தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் பார்த்துட்டு சப்ளை கொடுங்க.

±12 சப்ளைக்கான ரெகுலேட்டர் 7812க்கும் 7912க்கும் கால் வரிசை வேற. 7812ல இன்புட், தரை, அவுட்புட். 7912ல தரை, இன்புட், அவுட்புட். 7912 முதுகுத் தகடு தரை இல்லை, இன்புட். 7812ஐ மைக்கா இல்லாம பெட்டில முடுக்கற பழக்கத்துல இதையும் முடுக்கினா அன்னிக்கே டிரான்ஸ்ஃபார்மர் வாசம் வரும்.

சூட்டுக் கணக்கு: 15 ஓம் சுமை, 5 வோல்ட் உச்சம்னா டிரான்சிஸ்டர் ரெண்டுலயும் சேர்த்து 1.7 வாட். அதே 5 வோல்ட்ல 12.5 ஓம் காயில்னா, காயில் சக்தியைத் தின்னாது, திருப்பிக் கொடுத்துடும். சப்ளைலிருந்து வர்ற 3 வாட்டும் டிரான்சிஸ்டர்லதான் எரியும். காயில் ஜில்லுனு இருக்கும், டிப்122 சுடும். ஹீட்சிங்க் இல்லாத டிப்122க்கு வாட்டுக்கு 62.5 டிகிரி ஏறும். ஆளுக்கு ஒன்றரை வாட்டுன்னா 94 டிகிரி. பேனல் உள்ள 45 டிகிரி இருந்தா 139. எல்லை 150. கணபதிக்காரர் கண்டிப்பா ஹீட்சிங்க் வைக்கணும்.

கணபதி_வைண்டிங்
10 ஜூன், இரவு 7:55

டிப் ஜோடி ஓடுது. 15 ஓம்ல 5 வோல்ட் உச்சம் தலை தட்டாம வருது. 100 ஹெர்ட்ஸுக்கு பிரிட்ஜ்ல 10 நானோவை 100 நானோ ஆக்கினேன், 99 பக்கம் காட்டுது. ஆனா சில சமயம் கிளம்ப மாட்டேங்குது. பிரீசெட்டை ஏத்தினாத்தான் கிளம்புது, அப்புறம் உச்சி மழுங்குது.

ஈரோடு_638
10 ஜூன், இரவு 8:40

100 நானோ என்ன வகை? காவி நிற டிஸ்க் செராமிக்னா அதான் காரணம். கெயின் 3 போதும்கறது ரெண்டு ரெசிஸ்டரும் சமம், ரெண்டு கெப்பாசிட்டரும் சமம்னாத்தான். நிஜத் தேவை: 1, கூட்டல் தொடர் ரெசிஸ்டரை இணை ரெசிஸ்டரால வகுத்தது, கூட்டல் இணை கெப்பாசிட்டரைத் தொடர் கெப்பாசிட்டரால வகுத்தது. இணை கெப்பாசிட்டர் 30 சதவீதம் கூடுதலா இருந்தா 3.3 வேணும். பிரீசெட் நடுவுல இருந்தா உங்க போர்டு கொடுக்கறது 3.2தான்.

பாலியெஸ்டர் வாங்குங்க, பத்து வாங்கி மீட்டர்ல அளந்து ஒத்த ஜோடி எடுங்க. ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிம்.

கணபதி_வைண்டிங்
11 ஜூன், காலை 11:20

டிஸ்க்தான். அளந்தேன்: ஒண்ணு 88, இன்னொண்ணு 116. பாலியெஸ்டர் ஜோடி போட்டதும் பிரீசெட் நடுவுலயே கிளம்பிடுச்சு.

சாயப்பட்டறை_மீட்டர்
13 ஜூன், இரவு 10:20

எனக்கு டிப் வேண்டியிருக்கலை, பிடி139-140, 1 கிலோ ஓம், அதுவே போதுது. 14 ஓம்ல 0.6 வோல்ட் அசையலை. மேசைல எல்லாம் சரி. 20 மீட்டர் ஷீல்டு கேபிள் போட்டு குழாய்க்கு எடுத்துட்டுப் போனா அலை தடிச்சுப்போகுது. அதோட மதியத்துக்கும் ராத்திரிக்கும் அளவு 4 சதவீதம் மாறுது, கரைசல் சூடு ஒரே அளவுதான்.

மில்லிஓம்
13 ஜூன், இரவு 11:05

தடிக்கறது கேபிள் கெப்பாசிட்டன்ஸ். மீட்டருக்கு 100 பிகோன்னா 20 மீட்டருக்கு 2 நானோ. லூப் உயர் அலைவரிசைல கத்துது. ஃபீட்பேக் வழில 1 கிலோ ஓம் தொடர்ல போடுங்க, ஐசி கால்லிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 100 பிகோ. அவுட்புட்லிருந்து தரைக்கு 10 ஓமும் 100 நானோவும். கேபிளுக்கு முன்னாடி 10 ஓம் லூப்புக்கு வெளியே.

அந்த வெளி 10 ஓம்ல வோல்ட்டேஜ் விழும், 14 ஓம் சுமைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதுக்கும் 4 சதவீதத்துக்கும் மருந்து ஒண்ணுதான். டயோடு வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் இறங்கும், அரை வோல்ட்ல அது 0.4 சதவீதம். மதியத்துக்கும் ராத்திரிக்கும் பெட்டிக்குள்ள 10 டிகிரின்னா 4 சதவீதம் ஆச்சு. வீச்சை நிலைநிறுத்தப் போராடாதீங்க. கலத்து முனைல வர்ற வோல்ட்டேஜையும் கலத்து வழியா ஓடற கரண்டையும் ரெண்டையும் அளந்து ஒண்ணை ஒண்ணால வகுத்துடுங்க. வீச்சு எங்கே போனா என்ன. கலத்து முனைக்குத் தனி ஜோடி வயர் இழுத்தா கேபிள் ஓமும் கழிஞ்சுடும்.

இன்னொண்ணு, டிசி. டிஎல்072 ஆஃப்செட் (அலை இல்லாதப்பவும் மிஞ்சி நிக்கற டிசி) 10 மில்லி வோல்ட் வரைக்கும் போகலாம், அது தகட்டை நாள் பூரா ஒரே பக்கம் தின்னும். 220 மைக்ரோ ரெண்டை முதுகோட முதுகு வெச்சுத் தொடர்ல போடுங்க, 110 ஆச்சு. 1 கிலோஹெர்ட்ஸ்ல ஒன்றரை ஓம்.

பழைய_ரேடியோ
14 ஜூன், காலை 6:30

வீச்சு நிலைக்கணும்னா பல்பு வைங்க. 1939லயே ஹியூலெட் அதைத்தான் பண்ணார், டயோடு இல்லாம ஒரு சின்ன பல்பு. தரைக்குப் போற ரெசிஸ்டர் இடத்துல பல்பு, அது சூடானா ஓம் ஏறும், கெயின் இறங்கும். டயோடை விட நெம்பச் சுத்தம்.

ஈரோடு_638
14 ஜூன், காலை 9:10

சுத்தம்தாங்ண்ணா. ஆனா பல்பு சில நூறு ஓம்தான் இருக்கும், ஃபீட்பேக் அதுல ரெண்டு மடங்கு, அதை ஓட்டவே ஐசிக்குப் பல மில்லி ஆம்பியர் போகும். பிரீசெட்டைத் திருப்பினா வீச்சு ஊஞ்சலாடி நிக்கும். அலைவரிசை நெம்பக் கீழே போனா இழை ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் சூடாகி ஆறி, மூணாம் ஹார்மோனிக் ஏறும். கணபதிக்காரர் ஸ்டேட்டர் கிட்டத் தட்டற சுத்தியல் அதிர்வுக்கும் பல்பு ஆடும்.

கணபதி_வைண்டிங்
14 ஜூன், இரவு 8:05

இங்கே சுத்தியல் சத்தம் இல்லாத நேரமே கிடையாதுங்க. டயோடே இருக்கட்டும். கிளிப் ரெண்டும் ஒட்டிக்கிட்டா என்ன பண்றது, அதைச் சொல்லுங்க. பசங்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒட்டறாங்க.

மில்லிஓம்
14 ஜூன், இரவு 9:25

பிசி547 ஒண்ணு. எமிட்டர் டிப்122 பக்கத்து 1 ஓமோட அவுட்புட் முனைல, பேஸ் 100 ஓம் வழியா டிப்122 எமிட்டர்ல, கலெக்டர் டிப்122 பேஸ்ல. கீழ்ப்பக்கம் பிசி557 அதே மாதிரி தலைகீழா. 1 ஓம் மேல 0.65 வோல்ட் வந்ததும் பேஸ் கரண்டைத் திருப்பிடும், 650 மில்லி ஆம்பியர்ல நிக்கும். ஒட்டினபடியே விட்டா ஆளுக்கு 4 வாட் வரைக்கும் எரியும், ஹீட்சிங்க்கை அதுக்குத் தகுந்த மாதிரி எடுங்க.

கிளிப்போட திரும்பற வயரை நேரா சப்ளை கெப்பாசிட்டரோட தரைக்கே கொண்டு போங்க. பிரிட்ஜோட தரை ட்ராக் வழியா 400 மில்லி ஆம்பியர் ஓடினா அலையாக்கி தன் சுமையைத் தானே கேட்கும்.

சாயப்பட்டறை_மீட்டர்
19 ஜூன், இரவு 9:33

ஆறு நாளா ஓடுது. கலத்து முனைல தனி ஜோடி வயர், வகுத்து எடுத்த அளவு ராத்திரி பகல் அரை சதவீதத்துக்குள்ள. கேபிள்ல தடிப்பு இல்லை. நாலு கலத்துல மூணு ஒத்துப்போகுது. நாலாவது 15 சதவீதம் கம்மியாக் காட்டுது.

மில்லிஓம்
19 ஜூன், இரவு 9:50

மத்த மூணும் ஒத்தா சர்க்யூட்டைத் தொடாதீங்க. கழட்டித் தகட்டைப் பாருங்க, சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். நீர்த்த ஆசிட்ல கழுவிட்டுச் சொல்லுங்க.

சாயப்பட்டறை_மீட்டர்
20 ஜூன், மாலை 5:15

சுண்ணாம்பேதான்.